ரேக்குக்குச் சக்கரம் வைத்தவர்

ஒரு ஆளைப் புதிதாகப் பார்த்தால் நாமெல்லாம் முகத்தைப் பார்ப்போம். விவரமானவர்கள் செருப்பைப் பார்ப்பார்கள். அவர் அகலத்தைப் பார்ப்பார்.

பி.காம். முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணிய திமிரோடு கள்ளக்குறிச்சியில் அந்த பஸ் கம்பெனிக்குள் நான் நுழைந்த முதல் நாள். எதிரே வந்தவர் வணக்கம் சொல்லவில்லை, பேர் கேட்கவில்லை. என் இடது தோளில் கட்டைவிரலை ஊன்றி வலது தோள் வரைக்கும் சாண் போட்டார். கூச்சத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“ஒக்காந்தா ஜாஸ்தி எடம் புடிப்ப போலக்குதே தம்பி. நின்னுக்கினே டைப் அடிக்க வராதா உனுக்கு?”

“நின்னுக்கினே தூங்குறது குதிரைதான் சார். மனுசன் ஒக்காந்துதான் டைப் அடிப்பான்.”

“குதிர கெட்டிக்காரப் பிராணி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் கிரீஸ் கையோடு நின்ற ஹெட் மெக்கானிக் பாய் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “பயப்படாத. பாடைக்கு அளவு எடுக்கல. அந்தாளு நம்ம ஸ்டோர்கீப்பரு. எதப் பாத்தாலும் எங்க சொருவலாம்னுதான் பாப்பாரு.”

அவர் பேர் எனக்குத் தெரியும். ஆனால் ஷெட்டில் யாரும் அதைப் புழங்கியதில்லை. முதலாளிக்கு அவர் ‘ஸ்டோரு’. பாய்க்கு ‘யோவ் ஸ்டோரு’. டிரைவர், கண்டக்டர் வாயில் வந்ததை எழுத முடியாது. எனவே இங்கேயும் அவர் வெறும் ‘அவர்’.

கம்பெனி பஸ்கள் ரிஷிவந்தியம், மணலூர்பேட்டை, திருநாவலூர் என்று சமவெளியில் ஓடின. ஒன்று மட்டும் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை வரை போகும். அந்த மலை பஸ்தான் ராட்சசன். பிரேக் லைனிங், கிளச் பிளேட், ஸ்பிரிங் பட்டை என்று ஸ்டோரில் இருந்த சாமானில் பாதியை அது ஒன்றே தின்றது. மிச்சத்தை மற்ற பஸ்கள் தின்றன. இத்தனைக்கும் தீனி வைத்திருக்க வேண்டிய ஸ்டோர் ரூம் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் அவருடைய வியாதி புரியும்.

ஷெட் முன்னொரு காலத்தில் ரைஸ்மில். நெல்லை ஊறவைத்து அவித்த கூடம்தான் எங்கள் ஸ்டோர். ரோட்டுப் பக்கம் இரண்டு மாட்டுவண்டி சேர்ந்து நுழையும் அகலத்துக்கு ஒரு கதவு. உள்ளே போகப் போகச் சுவர் இரண்டும் நெருங்கிக்கொண்டே வரும், நாதஸ்வரத்தின் வாய் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல. போதாததற்கு, கடைசியில் மாடிப்படியின் அடிவயிறு கூரையாக இறங்கியிருக்கும். அங்கே நிமிர்ந்தவன் எவனும் நெற்றி புடைக்காமல் திரும்பியதில்லை. தரையும் சமம் இல்லை. நெல் ஊறிய தண்ணீர் வடிவதற்காக ரோட்டுப் பக்கம் நல்ல வாட்டம் விட்டுத் தளம் போட்டிருந்தார்கள். ஒரு கோலிக்குண்டைப் படிக்கட்டின் அடியில் வைத்தால் அது தானாக ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிடும்.

இந்த லட்சணமான இடத்தில் அவர் வரும்வரை சாமானெல்லாம் மூட்டையிலும் மூலையிலும் கிடந்ததாம். அவர் வந்தார். பார்த்தார். சாண் போட்டார். வரிசையாகத் துளை போட்ட இரும்புச் சட்டமான ஸ்லாட்டட் ஆங்கிளை அறுத்து, போல்ட் முடுக்கி, கூடத்தின் குறுகலுக்கு ஏற்றபடி ரேக்குகள் செய்தார். கதவுப் பக்கம் உயரமும் நீளமுமாக ஒன்று, அதற்குப் பின்னால் கொஞ்சம் குட்டை, அதற்கும் பின்னால் இன்னும் குட்டை. குடும்ப போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றன எல்லாம். இதுவரைக்கும் எவனும் செய்வான். அவர் செய்தது அதற்கப்புறம்: பஸ் சக்கரத்தில் தேய்ந்து கழிந்த பேரிங்குகளைப் பொறுக்கி, ஒவ்வொரு ரேக்கின் காலிலும் மாட்டிவிட்டார்.

“இன்னாத்துக்கு சார் ரேக்குக்குச் சக்கரம்? ஊருக்குப் போவுதா?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ரேக்குக்கும் ரேக்குக்கும் நடுவுல சந்து வுடணுமா வேணாமா?”

“வுடணும்.”

“அத்தினி சந்துலயும் ஒரே நேரத்துல நடப்பியா நீ?”

“இல்ல.”

“அப்ப எத்தினி சந்து வேணும்?”

நான் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன்.

“ஒண்ணே ஒண்ணு! ரேக்கெல்லாம் ஒட்டிக்கினு நிக்கும். எது வேணுமோ அதும் முன்னால இருக்கறத நவுத்தணும். சந்து நம்ம கூடவே வரும். மத்தவன் ஸ்டோருல மனுசன் சந்தைத் தேடிப் போறான். நம்ம ஸ்டோருல சந்து மனுசனைத் தேடி வருது.”

யோசித்துப் பார்த்தால் நல்ல யோசனை. இன்றைக்கும் நல்ல யோசனைதான். தப்பு யோசனையில் இல்லை. அதை ரோட்டைப் பார்த்துச் சரிந்த தரையில் செய்ததில் இருந்தது. மலையில் பஸ் நின்றால் கிளீனர் குதித்து ஓடிப் போய்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்பான் இல்லையா, அதே மாதிரி இவர் ஒவ்வொரு ரேக்குக்கும் முன்னால் முட்டுக்கட்டை வைத்திருந்தார். ஒரு ஃபேன் பெல்ட் எடுப்பதென்றால், கட்டையைப் பிடுங்கி, ரேக்கை நெஞ்சில் தாங்கி, மெல்ல இறக்கி, மறுபடி கட்டை வைத்து, உள்ளே போய், பெல்ட் எடுத்து, வெளியே வந்து, ரேக்கை மேலே தள்ளி, கட்டை வைத்து, வேர்வை துடைத்து... அதற்குள் பஸ் போயிருக்க வேண்டிய ஊரில் ஜனங்கள் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒரு தடவை பாய் கிளச் பிளேட் எடுக்கக் கடைசி ரேக் வரைக்கும் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து டிரைவர் ஒருத்தர் வந்து ஹெட்லைட் பல்பு கேட்க, இவர் அந்த ரேக்கின் சந்தைத் திறந்தார். ஒரு சந்து திறந்தால் இன்னொரு சந்து மூட வேண்டும். அதுதானே சாஸ்திரம்? மூடிய சந்தில் பாய் இருந்தார்.

“யோவ் ஸ்டோரு! நான் உள்ள இருக்கறேன்யா!”

“எந்த ரேக்குல இருக்கற?”

“நான் இன்னா பிஸ்டனாய்யா, ரேக்குல இருக்க? ரேக்குக்கு நடுவுல நசுங்கிக்கினு இருக்கறேன்!”

“அசையாம நில்லு பாய். பல்பு எடுத்துட்டுத்தான் உன்னை எடுக்க முடியும். வரிசைன்னு ஒண்ணு இருக்குது இல்ல?”

பாய் வெளியே வந்தபோது சட்டையில் ரேக்கின் துளைகள் வரிசையாகப் பதிந்திருந்தன. அன்றிலிருந்து பாய் அவசரச் சாமான்களைத் ஷெட்டில் தான் படுக்கிற கட்டிலுக்கு அடியில் ஒரு கோணிப்பையில் வைத்துக்கொண்டார். இது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கோணிப்பைக்கும் சக்கரம் வைத்திருப்பார்.

வீட்டிலும் இதே கதை. ஒருநாள் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். பொம்மை வீடு போல ஒரு ஒண்டுக்குடித்தனம். சமையல் அலமாரி, துணி அலமாரி, சாமி அலமாரி, எல்லாவற்றுக்கும் பேரிங். ஒன்றை இழுத்தால்தான் மற்றது வரும். சாமி கும்பிட வேண்டுமென்றால் முதலில் மிளகாய்த்தூள் நகர வேண்டும்.

“கல்யாணம் ஆன நாளா உப்பு டப்பா எங்க இருக்குதுன்னு நான் பாத்ததே இல்ல தம்பி,” என்றார் அவர் வீட்டம்மா. “கொழம்பு கொதிக்கிறப்ப அது கூடத்துக்குப் போய்க்கினு இருக்கும். இந்த வூட்டுல நவுராத ஒரே சாமான் நான்தான்.”

“அவளுக்கு முட்டி வலி,” என்று இவர் எனக்கு விளக்கம் கொடுத்தார், மிகவும் வருத்தமாக.

மணலூர்பேட்டையில் எங்கள் கண்டக்டர் ஒருத்தர் கல்யாணத்தில் பந்தியையே இவர் திருத்தப் பார்த்தார். பரிமாறுகிறவன் ஒருத்தன், சந்து மட்டும் எதற்கு இத்தனை என்று பெஞ்சுகளை நெருக்கிப் போட்டுவிட்டார். சாம்பார் வாளியோடு உள்ளே போன ஆள் வெளியே வர வழியில்லாமல் ஒரே வரிசைக்குத் திரும்பத் திரும்ப சாம்பார் ஊற்றினான். பொண்ணு வீட்டார் முறைத்தார்கள். இவரோ மிச்சமான இடத்தைக் காட்டி, “பாருங்க, இங்க இன்னும் ஒரு வரிசை போடலாம்,” என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு தீர்ந்துபோயிருந்தது.

சரி, இப்படி இடத்தை மிச்சம் பண்ணிப் பண்ணி அவர் என்ன கண்டார்? இதுதான் எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருந்த விஷயம். அவர் மிச்சம் பிடித்த இடத்தையெல்லாம் முதலாளி எடுத்துக்கொண்டார்.

முதலில் ரேக்குகள் நெருங்கியதும் பக்கவாட்டில் இருந்த அறை காலியானது. மறுவாரமே அங்கே முதலாளியின் மச்சினன் டயர் ரீட்ரெட் ஏஜென்சி போர்டு மாட்டினான். அடுத்து வராந்தா காலியானது. பேட்டரிகள் வந்து குந்தின. அப்புறம் தன் மேஜையை மடக்குகிற மாதிரி செய்து சுவரில் மாட்டினார். அது இருந்த இடத்தில் இன்னொரு மேஜை, நாற்காலி, டைப்ரைட்டர் எல்லாம் வந்தன. அந்த நாற்காலியில் உட்கார ஒரு ஆளும் வந்தான். நான்தான். ஜன்னல் ஓரம், நல்ல காற்று, நல்ல இடம்.

அவருக்கு நாற்காலி போடவே இடமில்லாமல் போனது. ஸ்டோர் வாசலில் ஒரு தேய்ந்த டயர் மேல் உட்கார்ந்திருப்பார்.

“உங்களுக்குக் கோவம் வராதா சார்? நீங்க மிச்சம் புடிக்கிறீங்க, அவங்க ஒக்காந்துக்கறாங்க.”

“முதலாளி கேக்கறாருன்னா நம்ம கிட்ட இருக்குதுன்னுதானே தம்பி அர்த்தம்? இல்லாதவன்கிட்ட எவன் கேப்பான்?”

இப்படிப் பேசுகிற ஆளை என்ன செய்ய முடியும்? டயரில் உட்கார வைக்கத்தான் முடியும்.

அந்த வருஷம்தான் இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்தது. ஊருக்கு ஊர் புளியமரத்தை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கான பங்கைக் கொடு என்று ஜனங்கள் கேட்க, டீக்கடைகளில் காரசாரமாக வாதம் நடந்தது. என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் ரோட்டில் இருந்தார்கள். கண்ணாடி உடையும் என்று பயந்து முதலாளி பஸ்களை ஷெட்டை விட்டு எடுக்கவில்லை. மலை பஸ்கூட முற்றத்தில் தூங்கியது. ஓட்டமில்லாத கம்பெனியில் நான் டைப் அடிக்க ஒன்றுமில்லை. மேஜையில் தாளம் அடித்துக்கொண்டிருந்தேன்.

“ஊரே எட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல ஒக்காந்துக்கினு இருக்குது, நம்ம ஸ்டோரு கீறாரே, இருந்த எடத்தையும் ஒதுக்கிக் குடுத்துட்டு டயர்ல ஒக்காந்துக்கினு இருக்காரு,” என்பார் பாய். ஷெட்டே சிரிக்கும். அவரும் சிரிப்பார், நாகரிகத்துக்காக.

சிரிப்பு நின்றது ஆயுத பூஜைக்குச் சில நாள் முன்னால். முதலாளி வந்தார், ஸ்டோரை எட்டிப் பார்த்தார். மொத்தச் சாமானும் ரேக்குகளுக்குள் அடங்கி, தீப்பெட்டி மாதிரி ஒடுங்கியிருந்தது.

“ஸ்டோரு, இம்மாத்தூண்டு ஆயிப்போச்சே உன் ஸ்டோரு?”

“ஆமாங்க!” அவருக்கு முகமெல்லாம் பல்.

“இதுக்கு எதுக்குய்யா தனியா ஒரு ஆளு? வண்டியும் ஓடல. பூஜை முடிஞ்சதும் சாவியை பாய் கிட்ட குடுத்துடு. நீ வூட்டைப் பாத்துக்கோ.”

அந்தப் பல் எப்படி மூடியது என்று நான் பார்த்தேன். அம்பதைத் தாண்டிய ஆள். அந்த ஊரில், அந்த வயதில், பஸ் சாமான் அடுக்குவதைத் தவிர வேறு தெரியாத ஒருத்தரை எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? பாய்கூடத் தலையைக் குனிந்து கை கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலாளி போனபின் அவர் எழுந்து, கதவின் அகலத்தைச் சாண் போட்டார். பிறகு என்னிடம் வந்தார்.

“முதலாளி ரேக்கு நவுந்து ஒரு நாளும் பாத்ததில்ல தம்பி. நிக்கிறதத்தான் பாத்துருக்கறாரு. நவுர்றத ஒருவாட்டி பாத்தாருன்னா என்னை வுடமாட்டாரு.”

“எப்பிடிக் காட்டப்போறீங்க?”

“பூஜை அன்னிக்கு.”

ஆயுத பூஜைக்கு வண்டிகளைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எல்லா ஷெட்டிலும் உண்டு. எங்கள் ஷெட்டில் அவர் தனியாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். சக்கரம் உள்ளதெல்லாம் வண்டி, ஆகவே ரேக்கும் வண்டி. வருஷா வருஷம் ஒவ்வொரு ரேக்காகக் கட்டையை எடுத்து, பழத்தின் மேல் ஒரு அங்குலம் இறக்கி, மறுபடி கட்டை வைப்பார். யாரும் பார்க்க மாட்டார்கள்; சுண்டல் வாங்கப் போயிருப்பார்கள். இந்த வருஷம் முதலாளி பார்க்க வேண்டும். அவர் நாலு தடவை போய்க் கூப்பிட்டு, ஐந்தாவது தடவை முதலாளி எரிச்சலோடு வந்தார். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராகு காலம் வரப்போவுது. சீக்கிரம் ஆவட்டும்யா.”

அங்கேதான் விதி குந்தியிருந்தது. ஒவ்வொன்றாகச் செய்ய நேரமில்லை. அவர் ஒரு கணம் யோசித்தார். அப்புறம் எல்லா ரேக்குகளின் முட்டுக்கட்டைகளையும் எடுத்துவிட்டு, கட்டை இருந்த இடத்திலெல்லாம் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டே போனார். பக்கவாட்டில் நின்று ஒரு கையால் முன் ரேக்கைத் தாங்கிக்கொண்டார். வண்டி என்றால் ரோட்டைப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும் என்று கதவை வேறு அகலத் திறந்துவைத்திருந்தார்.

“யோவ் ஸ்டோரு,” என்றார் பாய் மெதுவாக, “எலுமிச்சம்பழம் எப்பய்யா முட்டுக்கட்டை ஆச்சு?”

“நசுங்கணும்னுதானே பாய் வெக்கிறது?”

“அதத்தான்யா நானும் சொல்றேன்.”

முதலாளி கற்பூரத்தைக் கொளுத்தினார். ரேக்கைத் தாங்கிய கையோடு அவர் எங்கள் பக்கம் திரும்பினார். பாவம், அன்றைக்குப் புதுவேட்டி. “பாருங்க முதலாளி. முழு ஸ்டோரு. ஒத்தக் கையால.”

கையை எடுத்தார்.

எலுமிச்சம்பழங்கள் தங்கள் கடமையைச் செய்தன. பச்சக் பச்சக் என்று ஒரே நேரத்தில் நசுங்கின. அந்தச் சாறு வேறு பேரிங்குக்கு எண்ணெய் விட்ட மாதிரி ஆயிற்று. முன் ரேக் கதவைத் தாண்டியது. அதன் பின்னால் அடுத்தது. அதன் பின்னால் அதற்கு அடுத்தது. குட்டி ரேக்குகள் கடைசியில் கடகடவென்று ஓடிவந்தன, திருவிழாவுக்குப் போகிற குடும்பம் மாதிரி. முதலாளி ஒரு பக்கம் தாவினார், பாய் ஒரு பக்கம். நான் என் மேஜை மேல் ஏறியிருந்தேன். அவர் மட்டும் நகரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகத்தில் பயம் இல்லை. “எல்லாம் ஒண்ணா போவுது பாருங்க!” என்று கத்தினார்.

ரோட்டில் அந்த நேரம் மறியல்காரர்கள் கோடாலியோடு எதிர்ப்புறப் புளியமரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். இரண்டு வெட்டுதான் விழுந்திருக்கும். எங்கள் ரேக்குகள் வந்து ரோட்டின் குறுக்கே ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, பிரேக் டிரம்மும் பட்டையும் போல்ட்டும் நட்டும் சிதறி, சைக்கிள்கூட நுழைய வழியில்லாமல் அடைத்துக்கொண்டன. தூசி அடங்கியதும் கூட்டத்தின் தலைவன் மாதிரி இருந்த இளவட்டம் ஒருவன் கோடாலியைத் தூக்கிப் போட்டான்.

“டேய், மரத்த வுட்டுடுங்கடா, பொழைச்சிப் போவட்டும். அண்ணன் அதவிடப் பெருசாப் போட்டுட்டாரு!”

கைதட்டல், விசில். அவர் ஓடிப்போய்ச் சிதறிய பிரேக் டிரம்களை அளவுவாரியாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தார். மறியல் தலைவன் அதைத் தடுப்பைப் பலப்படுத்துவதாக நினைத்து நாலு பேரை உதவிக்கு அனுப்பினான். அவர்களும் பயபக்தியோடு அளவு கேட்டு அடுக்கினார்கள்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் வேன் வந்தது. எஸ்.ஐ. இறங்கி ரேக்குகளைப் பார்த்தார். மரம் பார்த்திருக்கிறார், பாறாங்கல் பார்த்திருக்கிறார். இது புதுசு.

“யாருய்யா போட்டது இத?”

முதலாளி கும்பிட்டபடி முன்னால் வந்தார். “எங்களுது இல்லீங்க. எவனோ கொண்டாந்து போட்டுட்டாங்க.”

இங்கே அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். போலீஸ் எதற்காகக் கேட்கிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அளவுக்கு முட்டாள் இல்லை. ஆனால் ‘எங்களுது இல்ல’ என்ற வார்த்தை அவரால் தாங்க முடியாமல் போயிற்று.

“எப்பிடிங்க இல்லேன்னு சொல்லுவீங்க?” என்று முதலாளியைப் பார்த்துக் கேட்டார். “ஒவ்வொரு போல்ட்டும் நான் முடுக்குனது. சார், இது முழுக்க என் வேலைங்க.”

“அப்ப ஏறு,” என்றார் எஸ்.ஐ.

வேனில் ஏற்கெனவே ஆள் நிரம்பியிருந்தது. மிச்சக் கூட்டத்துக்கு இன்னொரு நடை வர வேண்டும் என்று எஸ்.ஐ. முணுமுணுத்தார். கைதாகி உள்ளே ஏறியவர் ஒரு பார்வை பார்த்தார். “யப்பா, காலை நீட்டாதீங்க. முட்டியை மடக்குங்க. நீ திரும்பி ஒக்காரு. ஒல்லியா இருக்கறவன்லாம் நடுவுல வாங்க.” மொத்தக் கூட்டமும் ஒரே வேனில் அடங்கிவிட்டது. எஸ்.ஐ. வாயைப் பிளந்தார். வாழ்நாளில் அவர் வித்தையைப் பாராட்டிய முதல் அதிகாரி அந்த எஸ்.ஐ.தான். கைது பண்ணியும்விட்டார், பாவம்.

எல்லோரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். அங்கேயும் சும்மா இல்லையாம். தலைமாடு கால்மாடு மாற்றிப் போட்டுப் படுக்கவைத்து, பிள்ளைகள் சீட்டு விளையாட இடம் பிடித்துக் கொடுத்தாராம். வெளியே வந்த பையன்கள் சொன்னார்கள். அந்தக் கூட்டத்தின் கோரிக்கைக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இவர் அந்தச் சாதி ஆளும் இல்லை. கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. ‘ரேக்கு அண்ணன்’ ஆகிவிட்டார்.

அவர் இல்லாத நாட்களில் ஸ்டோர் எப்படி நடந்தது? நன்றாக நடந்தது. அதுதான் கொடுமை. வளைந்த ரேக்குகளை உள்ளே இழுத்துப் போட்டு, பேரிங்கைக் கழற்றி, பாய் எல்லாவற்றையும் கோணிப்பைகளில் கட்டி வைத்தார். கேட்ட சாமான் கேட்டவுடனே கிடைத்தது. முதலாளி சாவியைப் பாய் இடுப்பில் நிரந்தரமாகத் தொங்கவிட்டார். ஸ்டோர்கீப்பர் கதை முடிந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

மண்டபத்திலிருந்து எல்லோரையும் விட்ட அன்று ஷெட் வாசலில் மேளச் சத்தம் கேட்டது. பெரிய கூட்டம். நடுவில் கழுத்து தெரியாமல் மாலை போட்டுக்கொண்டு அவர். அதே பூஜை வேட்டி, அழுக்காக. முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்தார். வந்திருந்தவர்கள் ரிஷிவந்தியம் பக்கம், மணலூர்பேட்டை பக்கம், திருநாவலூர் பக்கம். அதாவது, மறுநாளிலிருந்து கம்பெனியின் பஸ் கண்ணாடிகள் கடந்துபோக வேண்டிய ஒவ்வொரு ஊரிலிருந்தும். முதலாளியின் மூளை வேலை செய்வதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

“வாங்க வாங்க! நம்ம ஸ்டோரு இல்லாம ஷெட்டே களையில்லாம கெடந்துச்சுங்க!”

அந்த இளவட்டத் தலைவன் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தான். “எங்க அண்ணன் எங்க ஒக்கார்றாரு?”

பாய் கூரையைப் பார்த்தார். வாசலில் கிடந்த டயரை மச்சினன் காலால் மெல்ல மறைவுக்குத் தள்ளினான். முதலாளியின் கண் அறை முழுக்க ஒரு சுற்று சுற்றி, ஜன்னல் ஓரமாக வந்து, என் மேல் நின்றது.

“இதோ! இதான் அவர் எடம்,” என்றார். “தம்பி சும்மா, பாத்துக்கினு இருந்தான்.”

நான் எழுந்தேன். எழாமல் என்ன செய்வது? அவரை என் நாற்காலியில் உட்காரவைத்துச் சோடா கொடுத்தார்கள். உட்கார்ந்தவர் நாற்காலியின் கையை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். கூட்டம் கைதட்டியது.

“இனிமே இந்தப் பக்கம் வர்றப்பல்லாம் அண்ணனப் பாத்துட்டுத்தான் போவோம்,” என்று சொல்லிவிட்டுப் போனான் தலைவன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். முதலாளிக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். மேளம் தெருமுனை தாண்டுவதற்குள் என்னிடம் வந்து, கணக்கை எல்லாம் இனி மச்சினனே பார்த்துக்கொள்வான் என்றார்.

பி.காம்., ஹையர் பாஸ், ஜன்னல் காற்று, எல்லாம் போயிற்று. என் பையை எடுத்துக்கொண்டு மேஜையைக் காலி செய்தேன். அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். முதலாளி தன்னை ஏன் திரும்பச் சேர்த்தார் என்று அவர் என்னிடம் ரகசியமாக விளக்கவும் செய்தார்: “அன்னிக்கு நவுந்தத நேருல பாத்தாரு இல்ல? அதான்.” நான் மறுத்துப் பேசவில்லை. அன்றைக்கு வேலையில் இருந்தது அவர்.

டைப்ரைட்டரை எடுத்து ஓரமாக வைக்க ஒரு கை பிடித்தார். பிறகு குனிந்து என் மேஜையின் கால்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண்ணில் நிஜமான இரக்கம்.

“மனசுல வெச்சுக்காத தம்பி. உன் டேபிளுக்குக் காலு வெச்சுட்டானுங்க பாரு, அதான் தப்பு. நாலு பேரிங் மட்டும் இருந்திருந்துச்சுன்னா உன்னை இங்கியே எங்கியாவது சொருவியிருப்பேன்.”